பூவென்று விற்கப்படும் கூம்பு: பெடோம் சைகஸின் வாழிடமும் வளர்ப்பும்

புரட்டாசி பிறந்தால் திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் பக்கத்து ஊர்களிலிருந்து மஞ்சள் வேட்டி கட்டிய கூட்டம் வடக்கே திருப்பதியை நோக்கி நடக்கும். நம் பிரம்மதேசத்து ஊர்க்காரர்களும் அதில் இருப்பார்கள். அலிபிரியில் படி தொட்டுக் கும்பிட்டு, கோவிந்தா சொல்லிக்கொண்டே ஏறுவார்கள். ஏறும் மலைத்தொடரின் பெயர் சேஷாசலம். அதன் வறண்ட சரிவுகளில், புல்லுக்கும் பாறைக்கும் நடுவே, குட்டைப் பனையைப் போலத் தோன்றும் ஒரு செடி நிற்கிறது. ஆந்திரத்தின் தெற்கிலுள்ள கிழக்குத் தொடர்ச்சி மலைகளை விட்டால் உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. அறிவியல் அதற்குச் சைகஸ் பெடோமி என்று பெயர் வைத்திருக்கிறது.

நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் 'மதனகாமப்பூ' என்று கேட்டால் பழுப்பு நிறத்தில், ஆப்பு வடிவில், கெட்டியான உலர்ந்த செதில்களைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். ஆண்மைக்கும் உடல் வலுவுக்கும் நல்லது என்று பாலில் கலந்து குடிப்பவர்கள் உண்டு. அது பூ இல்லை. சைகஸ் இனங்களின் ஆண் கூம்பைப் பிரித்துக் காயவைத்த துண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சைகஸ் சர்சினாலிஸிலிருந்தும் அது வருகிறது, திருப்பதி, கடப்பை மலைகளின் சைகஸ் பெடோமியிலிருந்தும் வருகிறது. காய்ந்த செதிலைக் கையில் வைத்துப் பார்த்து எந்த மலை, எந்த இனம் என்று பிரித்துச் சொல்வது கடைக்காரருக்கும் இயலாத காரியம்.

ஆகவே இந்தச் செடியின் கதை ஆந்திரக் காட்டோடு முடிந்துவிடுவதில்லை, நம் வீட்டு அஞ்சறைப்பெட்டி வரைக்கும் வருகிறது. மலையில் அருகிவரும் ஒரு செடியைத் தோட்டத்தில் வளர்த்துக் காப்பாற்றிவிட முடியுமா, முடியுமென்றால் எந்த அளவுக்கு என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. பதில் சொல்லுமுன் செடியின் உறவையும் ஊரையும் வாழ்முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பனையும் இல்லை, ஈச்சையும் இல்லை

சைகஸைப் பார்த்தவுடன் பனை வகை என்றுதான் தோன்றும். உச்சியில் வட்டமாக விரிந்த இறகு போன்ற இலைகள், அவை உதிர்ந்த தழும்புகள் நிறைந்த தண்டு, எல்லாம் ஈச்சமரத்தையே நினைவுபடுத்தும். பெயர்களும் இந்த மயக்கத்துக்குத் துணைபோகின்றன. மலையாளத்தில் 'ஈந்து' என்றால் சைகஸ், தமிழில் 'ஈந்து' என்றால் ஈச்சை. நர்சரிகளில் விற்கும் ஜப்பானியச் சைகஸுக்கு ஆங்கிலத்தில் சாகோ பனை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சாகோ என்றால் ஜவ்வரிசி. ஆனால் நம் பாயசத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது, அந்தச் செடிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

பனையும் ஈச்சையும் பூக்கும் தாவரங்கள். சைகஸ் பூக்காது. கனிக்குள் மூடாமல் விதையை வெளியே காட்டி வைத்திருக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது அது. தேவதாருவும் பைனும் அதற்கு ஓரளவு உறவு. இளம் இலைகளின் சிற்றிலைகள் வாட்ச் ஸ்பிரிங் போல உள்ளே சுருண்டு பிறந்து பிறகு விரியும். பெரணியில் காணும் இந்தப் பழக்கத்தைப் பனையில் காணமுடியாது.

இன்று உலகில் சைகஸ் வகைத் தாவரங்கள் ஏறத்தாழ 375 இனங்கள் உள்ளன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அழியும் நிலையில் இருப்பதாக உலகப் பாதுகாப்புச் சங்கமான ஐ.யு.சி.என். கணிக்கிறது. இந்தியாவில் பத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றில் சில அண்மையில்தான் தனியாக அடையாளம் காணப்பட்டன. பாலக்காட்டு ஆனைக்கல் மலையிலிருந்து சைகஸ் ஆனைக்கலென்சிஸ் 2006-இல் விவரிக்கப்பட்டது. நம் மலைகளை நாம் இன்னும் முழுதாக எண்ணி முடிக்கவில்லை என்பதற்கு இது சான்று.

எவ்வளவு பழையது?

நம் மாவட்டத்தின் திருவக்கரைக்குப் போனவர்கள் கல்லாகிப்போன மரங்களைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அம்மரங்களைப் பார்த்து 1781-இலேயே பிரெஞ்சு இயற்கையாளர் பியர் சொனெரா எழுதி வைத்தார். சைகஸ் வகையின் வம்சம் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் பழையது. ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அதன் முன்னோர் பூமியில் இருந்ததற்குப் புதைபடிவங்கள் உள்ளன. சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகளில் சைகஸ் ஓலை போலவே தோன்றும் டைலோஃபில்லம் இலைகள் கிடைக்கின்றன. அவற்றை ஓட்டோகர் ஃபைஸ்ட்மான்டல் 1879-இல் விரிவாகப் பதிவு செய்தார். அவை சைகஸைப் போன்ற தோற்றமுடைய வேறொரு கூட்டம், அந்தக் கூட்டம் முழுவதுமாக அழிந்துவிட்டது.

இந்தப் பழமையை வைத்துச் சைகஸை 'வாழும் புதைபடிவம்' என்று அழைப்பது வழக்கம். அதில் ஒரு திருத்தம் வேண்டும். 2011-இல் நதாலி நாகலிங்கமும் உடன் ஆய்வாளர்களும் மரபணுக்களைக் கொண்டு கணக்கிட்டபோது, இன்று வாழும் இனங்களில் பெரும்பாலானவை கடந்த 1 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்குள் கிளைத்தவை என்று தெரிந்தது. குடும்பம் தொன்மையானது, இன்றைய பிள்ளைகள் இளையவர்கள். இது வெறும் கணக்கு விவரம் மட்டுமில்லை. டைனோசர் காலத்திலிருந்து எல்லாவற்றையும் தாங்கிய செடி இனியும் தாங்கிக்கொள்ளும் என்ற அசட்டை நம்மிடம் உண்டு. இன்றைய ஒவ்வொரு இனமும் ஒரு குறிப்பிட்ட மலை, மண், பூச்சி ஆகியவற்றோடு பின்னிப் பிறந்தது. அந்தப் பின்னலை அறுத்தால் முன்னோரின் நீண்ட ஆயுள் துணைக்கு வராது.

பெயர் வந்த வழி

தென்னிந்தியச் சைகஸ் ஐரோப்பிய அறிவியலுக்குள் நுழைந்த வாசல் மலபார். டச்சு ஆளுநர் ஹென்ட்ரிக் வான் ரீட் தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலின் மூன்றாம் தொகுதி 1682-இல் வெளிவந்தது. அதில் 'தொட்டப் பனை' என்ற பெயரோடு இச்செடியின் படங்கள் உள்ளன. 1753-இல் லின்னேயஸ் சைகஸ் சர்சினாலிஸ் என்று பெயர் சூட்டியபோது அந்தப் படங்களே அடிப்படை. பிறகு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள், ஆசியாவின் பல சைகஸ்களும் அந்த ஒரே பெயருக்குள் அடைக்கப்பட்டுக் கிடந்தன. இன்றும் பூங்காக்களில் சர்சினாலிஸ் என்று பலகை தாங்கி நிற்பவற்றில் பல, தென்கிழக்கு ஆசியத் தீவுகளைச் சேர்ந்த வேறு இனங்கள்.

கடப்பை மலைச் செடி தனி இனமென்று 1883-இல் அறிவித்தவர் லண்டன் கியூ தோட்டத்தின் வில்லியம் திசெல்ட்டன் டயர். பெயருக்குரியவர் ரிச்சர்ட் ஹென்றி பெடோம். சென்னைப் படையில் அதிகாரியாக வந்து வனத்துறைக்கு மாறி, 1860 முதல் 1882 வரை மாகாண வனத்துறையின் தலைவராக இருந்தவர். தென்னிந்திய மரங்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1869-க்கும் 1873-க்கும் இடையில் பகுதி பகுதியாக வந்தது. உள்ளூரில் இச்செடிக்குத் தெலுங்குப் பெயர்கள் உண்டு. 'பெரிதா' என்பது ஒன்று, 'மதனமஸ்து' இன்னொன்று. இரண்டாவது பெயரிலேயே வியாபாரம் தெரிந்துவிடுகிறது.

வாழிடம்: கல், புல், நெருப்பு

திருமலைக்குச் செல்லும் மலைப்பாதையில் பாறை அடுக்குகள் தெளிவாகத் தெரியும் ஓரிடத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசிய நினைவுச் சின்னமாகக் குறித்திருக்கிறது. கீழே மிகப் பழைய கருங்கல், மேலே பிற்காலத்தில் படிந்த குவார்ட்சைட். இரண்டுக்கும் நடுவே பல கோடி ஆண்டுகள் இடைவெளி. அந்தக் குவார்ட்சைட் மலைமுகடுகளின் சரளை மண்தான் பெடோம் சைகஸின் ஊர். மண்ணின் ஆழம் குறைவு, நீர் நிற்காது, வெயில் தடையின்றி விழும். இங்கேதான் செம்மரமும் வளர்கிறது. ஸ்ரீவேங்கடேஸ்வரா தேசியப் பூங்கா 1989-இல் இம்மலைகளில் உருவானது. 2010-இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது.

செடியின் உடலமைப்பு இந்த இடத்துக்கு ஏற்றது. தண்டு பெரும்பாலும் குட்டை. இலை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். சிற்றிலைகள் மிகக் குறுகியவை, ஓரங்கள் கீழ்நோக்கிச் சுருண்டவை. மற்ற தென்னிந்தியச் சைகஸ்களிலிருந்து இதைப் பிரித்துக்காட்டும் முதல் அடையாளம் இந்தச் சுருண்ட ஓரமே. சுருண்ட ஓரம் இலையின் அடிப்புறத்தை மூடி நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. வேர்களில் இன்னொரு ஏற்பாடு. சைகஸ் இனங்களுக்கு மண்ணின் மேற்பரப்பை ஒட்டிப் பவளம் போலக் கிளைத்த வேர்கள் உண்டு. அவற்றுக்குள் நீலப்பசும்பாசி குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தருகிறது. அவரைக் குடும்பத்தின் வேர்முடிச்சில் பாக்டீரியா செய்யும் வேலையைத்தான் இங்கே பாசி செய்கிறது. சத்தற்ற சரளையில் இச்செடி பசேலென்று நிற்பதன் இரகசியம் இது.

கோடையில் புல் காய்ந்ததும் மலையில் தீ வருகிறது. வளர்ந்த செடியின் தண்டை உதிர்ந்த இலைகளின் அடிக்கட்டைகள் கவசம்போல் மூடியிருப்பதால் அது கருகினாலும் பிழைக்கும், பிறகு புதிய இலைக்கொத்தை விரிக்கும். ஆனால் மூன்று நான்கு இலைகளோடு நிற்கும் கன்றுக்கு அந்தக் கவசம் இல்லை. இடைவெளிவிட்டு வரும் தீயைச் சமாளிக்கும் செடிக்கூட்டம், ஆண்டுதோறும் மனிதர் வைக்கும் தீயில் பிள்ளையில்லாக் குடும்பமாகிவிடுகிறது. பெரிய செடிகள் நிற்பதைப் பார்த்து எல்லாம் நலம் என்று நினைத்துவிடுவோம். காட்டின் நலத்தைக் கன்றுகளை எண்ணித்தான் அறிய வேண்டும்.

ஆண் வேறு, பெண் வேறு

சைகஸில் பனையைப் போலவே ஆண் செடி தனி, பெண் செடி தனி. கூம்பு விடும் வயது வரும்வரை எது ஆண், எது பெண் என்று பார்வையில் தெரியாது. அந்த வயதை எட்டப் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம். ஆண் செடியின் உச்சியில் கூம்பு எழும். அதன் செதில்களின் அடிப்புறத்தில் மகரந்தப் பைகள் நெருங்கி அமைந்திருக்கும். முதிரும் காலத்தில் கூம்பு வெப்பத்தையும் மணத்தையும் வெளிவிட்டுச் சிறு வண்டுகளை இழுக்கிறது. சைகஸ் வகைகளில் மகரந்தத்தைக் கொண்டுசெல்வதில் வண்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பெண் செடியில் இறுகிய கூம்பு கிடையாது. இலை போன்ற, ரோமம் படர்ந்த உறுப்புகள் உச்சியில் வட்டமாக அமைந்து, அவற்றின் ஓரங்களில் சூல்கள் வெளிப்படையாக இருக்கும்.

மகரந்தம் சூலை அடைந்தபின் நடப்பது தாவர உலகின் அதிசயம். 1896-இல் ஜப்பானிய அறிஞர் செயிச்சிரோ இக்கேனோ, சைகஸின் ஆணணு நுண்ணிழைகளை அசைத்து நீந்திச் செல்வதைக் கண்டறிந்தார். விதைத்தாவரங்களில் இப்படி நீந்தும் ஆணணு கொண்டவை சைகஸ் வகைகளும் கிங்கோ மரமும் மட்டுமே. நீரில் நீந்திய மூதாதையின் நினைவு இன்னும் சூலுக்குள் ஒரு துளி நீரில் உயிரோடிருக்கிறது.

இப்போது கடைப் பொட்டலத்துக்குத் திரும்பலாம். கூம்பு விரியுமுன், மகரந்தம் உதிருமுன் வெட்டினால்தான் சரக்கு கெட்டியாக இருக்கும். அப்படி வெட்டும்போது செடி சாவதில்லை, ஆண் செடி பக்கவாட்டு மொட்டிலிருந்து வளர்ச்சியைத் தொடரும். ஆகவே கூம்பு பறிப்பவருக்குத் தீங்கு செய்த உணர்வே வருவதில்லை. ஆனால் பக்கத்துச் சரிவிலிருக்கும் பெண் செடியின் சூல்கள் அந்தப் பருவம் முழுதும் காத்திருந்து பாழாகின்றன. ஆண் செடிகள் நாலைந்தே உள்ள சரிவில் நாலைந்து கூம்பும் போனால் அந்த ஆண்டு அங்கே விதையே இல்லை. வேரோடு பிடுங்கும் திருட்டு கண்ணில் படும். பிறக்காமல் போகும் கன்றுகளின் இழப்பு யார் கண்ணிலும் படாது. இச்செடிக்கு நேரும் கேடுகளில் இதுவே மிக நுட்பமானது.

கூம்பு போக, தண்டின் சோறும் இலையும் வெட்டப்படுகின்றன. சர்சினாலிஸ் ஓலை கல்யாணப் பந்தலுக்கும் மலர் அலங்காரத்துக்கும் போகிறது. நீலகிரிப் பகுதியில் சர்சினாலிஸைப் பழங்குடியினர் பயன்படுத்தும் முறைகளையும் அறுவடையின் விளைவையும் கோத்தகிரியின் கீஸ்டோன் ஃபவுண்டேஷன் பங்கேற்ற ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. மலபாரில் ஈந்தங்காயை உலர்த்தி, நீரில் ஊறவைத்து, நஞ்சு நீக்கி மாவாக்கிப் பிடி செய்வார்கள். அந்தப் பக்குவம் தலைமுறை அறிவு. சைகஸ் விதையிலும் இலையிலும் சைகசின் என்ற நஞ்சு உண்டு. அது ஈரலைத் தாக்கும். பக்குவம் தெரியாமல் தின்றவர்களுக்கும் தழையை மேய்ந்த மாடுகளுக்கும் கேடு நேர்ந்திருக்கிறது. பொட்டலத்தை வாங்கித் தானாகவே மருந்து செய்துகொள்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதலில் விலங்குகளையும் பறவைகளையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. 1991 திருத்தத்தில் தாவரங்களுக்கென்று ஓர் அத்தியாயம் சேர்ந்தது. ஆறு தாவரங்கள் ஆறாம் அட்டவணையில் இடம்பெற்றன. நீல வாண்டா, சிவப்பு வாண்டா, பாஃபியோபெடிலம் ஆகிய ஆர்க்கிட்கள், கோஷ்டம், குடுவைத் தாவரமான நெப்பந்தஸ், அவற்றோடு பெடோம் சைகஸ். 2022 திருத்தத்தில் அட்டவணைகள் குறைக்கப்பட்டுத் தாவரங்கள் மூன்றாம் அட்டவணைக்கு வந்தன. காட்டிலிருந்து இவற்றைப் பறிப்பதும் பிடுங்குவதும் குற்றம். உரிமம் இன்றி விற்பதும் குற்றம். பலருக்குத் தெரியாத இன்னொன்று, தலைமை வன உயிரினக் காப்பாளரின் உரிமம் இல்லாமல் வளர்ப்பதற்கும் அனுமதி இல்லை. ஆராய்ச்சி, கல்வி, பெருக்கம் ஆகியவற்றுக்குத் தனி அனுமதி பெற வழி உண்டு.

பன்னாட்டு அளவில் சைட்ஸ் என்னும் காட்டுயிர் வணிக ஒப்பந்தம் எல்லாச் சைகஸ்களின் வியாபாரத்தையும் கட்டுப்படுத்துகிறது. சைகஸ் பேரினத்தில் மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் இருப்பது பெடோமி ஒன்றுதான். 1998-இல் இந்தியா ஏற்றுமதிக்குத் தடைவிதித்த 29 காட்டுத் தாவரங்களின் பட்டியலிலும் அது உண்டு. ஐ.யு.சி.என். அதை 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்று வகைப்படுத்தியிருக்கிறது.

முழுச் செடியைக் கப்பலேற்றுவதை இந்தச் சட்டங்கள் நன்றாகத் தடுக்கும். ஆனால் கூம்பு செதிலாகிப் பொட்டலத்துக்குள் போனபின் எந்த அதிகாரி வந்து அடையாளம் காண்பார்? சட்டத்தின் கை எட்டாத அந்த இடத்தில் வாங்குபவரின் அறிவு ஒன்றே காவல். காட்டுச் சரக்குக்கு மாற்றாக வளர்த்த சரக்கு கிடைக்க வேண்டும் என்ற வாதமும் இங்கிருந்துதான் எழுகிறது.

வளர்ப்பு: பொறுமையின் வேளாண்மை

சைகஸைப் பெருக்க இரண்டு வழி. தண்டின் அடியிலோ பக்கத்திலோ தோன்றும் பக்கக்கன்றைப் பிரிப்பது ஒன்று. கூரிய கத்தியால் சீவி எடுத்து, இலைகளை நீக்கி, வெட்டுவாய் நிழலில் சில நாள் காயும்வரை விட்டு, பெருமணலில் வைத்தால் மெதுவாக வேர் பிடிக்கும். காயாத வெட்டுவாயோடு நட்டால் அழுகிவிடும். இந்த வழியில் பிறப்பது தாயின் நகல். ஆணிலிருந்து ஆண், பெண்ணிலிருந்து பெண். அலங்காரத்துக்குப் போதும், இனத்தைக் காக்கப் போதாது.

இரண்டாவது வழி விதை. கனிந்த விதையின் வெளித்தோல் சதைப்பற்றானது, முளைப்பைத் தடுப்பது. அதை ஊறவைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும், கையுறை அணிவது நல்லது. நீரில் மிதப்பவை பெரும்பாலும் உள்ளீடற்ற சொத்தை. கடலில் மிதந்து பரவும் சில தீவு இனங்களுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. விழுந்த உடனே விதைத்தால் முளைக்குமென்று எதிர்பார்க்கக் கூடாது. சைகஸ் விதை தாயை விட்டு விழும்போது கரு முழுதாக வளர்ந்திருப்பதில்லை. நிழலில் சில மாதங்கள் வைத்திருந்தால் உள்ளே கரு முதிரும். பிறகு பெருமணல் படுக்கையில் பக்கவாட்டில் கிடத்தி, பாதி புதைந்து பாதி தெரியும்படி வைக்க வேண்டும். முதலில் ஆணிவேர் இறங்கும், இலை பின்னாலே வரும். ஆணிவேர் ஒடியாமல் இருக்க ஆழமான தொட்டியோ நீண்ட பையோ தேவை.

திண்டிவனம் பகுதிச் செம்மண் நிலக்கடலைக்குப் பெயர்பெற்றது. மழை பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும். சைகஸுக்கு ஆபத்து அந்த இரண்டு மாதங்களே. வெயிலைத் தாங்கும் வேர் தேங்கிய நீரைத் தாங்காது. மேட்டுப்பாத்தி கட்டி, செம்மண்ணோடு சரளையும் மணலும் பாதிக்குப் பாதி கலந்து, தண்டின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும். ஏரிக்கரை வண்டல் ஆகாது. சிறு வயதில் அரைநிழல், வளர்ந்தபின் முழு வெயில். ஆடுமாடு எட்டாதபடி வேலி வேண்டும். பாதுகாப்பு செடிக்கு மட்டுமின்றி அவற்றுக்கும்தான்.

பூச்சிகளில் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது சிலாடஸ் பாண்டவா என்னும் சின்ன நீல வண்ணத்துப்பூச்சி. மகாபாரதப் பெயர் தாங்கிய இது நம் மண்ணுக்குரியது. இளந்தளிரில் முட்டையிடும், அதன் புழுவை எறும்புகள் காவல் காக்கும். ஒரு தளிர்ப்பருவத்தை முழுதாகத் தின்றுவிட்டாலும் வளர்ந்த செடி அடுத்த பருவத்தில் தேறும். கன்றுக்குத் தளிர் விரிந்து கெட்டியாகும் சில வாரங்கள் கொசுவலை போட்டால் போதும்.

இரண்டாவது, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து பரவிய வெள்ளைச் செதில் பூச்சி. குவாம் தீவின் நிலை நமக்குப் பாடம். 2002-இல் அத்தீவுக் காடுகளில் மிக அதிகமாக இருந்த மரமென்று கணக்கெடுக்கப்பட்டது அங்குள்ள சைகஸ். அலங்காரச் சைகஸ் செடிகளோடு வந்த அந்தப் பூச்சி 2003-இல் தென்பட்டது. 2006-இல் அம்மரம் அழியும் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நர்சரியில் வாங்கிய ஜப்பானியச் சைகஸின் இலையடியைப் புரட்டிப் பார்க்காமல் மலையடிவாரத் தோட்டத்தில் கொண்டுபோய் வைப்பது எவ்வளவு பெரிய விபரீதத்துக்கு வழி என்பதை இந்த நான்கே ஆண்டுகள் காட்டின.

தோட்டம் எதைக் காக்கும், எதைக் காக்காது

தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் 1895-இல் ஜான் மெட்லி வுட் ஒரு சைகஸ் வகைச் செடியைக் கண்டார். காட்டில் இருந்தது ஒரே தொகுதி, அதுவும் ஆண். எத்தனை தேடியும் பெண் செடி இதுவரை கிடைக்கவில்லை. இன்று உலகின் பல தோட்டங்களில் நிற்கும் என்செஃபலார்டாஸ் வுடியை அனைத்தும் அந்த ஓர் ஆணின் பக்கக்கன்றுகள். கியூ தோட்டத்தில் நிற்பதும் அதில் ஒன்று. பராமரிப்பில் குறையில்லை, கூம்பு வருகிறது, மகரந்தம் உதிர்கிறது, பெறுவதற்கு ஆள் இல்லை. செடியைக் காப்பாற்றிய தோட்டத்தால் இனத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

மேலே நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்குப் பாதி பதில் இதில் இருக்கிறது. ஒரு செடி, ஒரு தொட்டி, ஒரு பெயர்ப்பலகை என்ற அளவில் நிற்கும் வளர்ப்பு வேடிக்கைக்குரியது. ஆணும் பெண்ணும் பலவாக, வெவ்வேறு சரிவுகளின் விதையிலிருந்து வந்தவையாக, ஒவ்வொன்றும் எந்த மலை, எந்தத் தாய், எந்த ஆண்டு என்ற பதிவோடு இருந்தால்தான் தோட்டம் காப்பகமாகும். பெண் செடி தயாராகும் நேரத்தில் ஆண் கூம்பு விரியாமல் போகலாம். உலர்ந்த மகரந்தத்தைக் குளிர்ப்பெட்டியில் சேமித்துக் கையால் தூவ முடியும். இரண்டு தோட்டங்கள் மகரந்தத்தைப் பரிமாறிக்கொண்டால் இரண்டிலும் விதை பிடிக்கும். லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் சைகஸ்களுக்கென்றே ஓர் இல்லம் உண்டு. நாட்டில் இத்துறைக்கு அடித்தளம் இல்லாமல் இல்லை.

மறுபாதி பதில் மலையில் இருக்கிறது. வேரில் குடியிருக்கும் பாசியும் கூம்பை நாடிவரும் வண்டும் தீயும் புல்லும் சேர்ந்த வாழ்க்கையைத் தொட்டிக்குள் கொண்டுவர இயலாது. ஆகவே தோட்டம் செய்யக்கூடியது ஒன்றுதான், அதுவும் பெரிய காரியம். மலையின் மேல் விழும் வியாபாரச் சுமையை அது வாங்கிக்கொள்ள முடியும். பந்தலுக்கு ஓலை, மருந்துக்குக் கூம்பு, பூங்காவுக்குக் கன்று ஆகியவை தோட்டத்திலிருந்து வந்தால் மலைச்செடி தன் வேகத்தில் வாழும்.

பிரம்மதேசத்தில் என்ன செய்யலாம்

பெடோம் சைகஸை உரிமமின்றி வளர்க்க முடியாது, வளர்க்க முயலவும் கூடாது. அது பல்கலைக்கழகங்கள், வனத்துறை, தாவரவியல் தோட்டங்களின் வேலை. ஊர் மக்கள் செய்யக்கூடியது வேறு. சர்சினாலிஸும் அழியும் ஆபத்தில் உள்ள இனமே, ஆனால் வன உயிரினச் சட்டத்தின் தாவர அட்டவணையில் இல்லை. காட்டைத் தொடாமல், ஏற்கெனவே தோட்டத்தில் நிற்கும் தாய்ச்செடிகளின் விதையிலிருந்து பள்ளி வளாகத்திலும் கோயில் நந்தவனத்திலும் பத்துப் பதினைந்து கன்றுகள் வளர்க்கலாம். அதில் ஆணும் பெண்ணும் இருக்க வாய்ப்பு உண்டு. இன்று ஆறாம் வகுப்பில் விதை ஊன்றும் பிள்ளை தன் கல்யாண வயதில்தான் முதல் கூம்பைப் பார்க்கக்கூடும். இப்படி ஒரு காத்திருப்பைக் கற்றுத்தரும் பாடம் வேறெதிலும் இல்லை.

காடு காக்கும் வழக்கமும் இந்தப் பகுதிக்குப் புதிதில்லை. மரக்காணம் பக்கம் புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றி இன்றும் ஒரு பழைய காடு நிற்கிறது. சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. பாலையும் வீரையும் காசாவும் அங்கே தப்பிப் பிழைத்தது சாமிக்குப் பயந்த மக்களால். ஆரோவில்லில் வறண்ட செம்மண் மேட்டில் அதே காட்டு மரங்களை விதை சேகரித்து மீண்டும் வளர்த்தார்கள். ஐயனாருக்கு நேர்ந்த காட்டில் கிளை ஒடிக்காதவர்கள், ஏழுமலையானின் மலையில் விளைந்த கூம்பைக் கடையில் வாங்குவதையும் நிறுத்த முடியும். புரட்டாசி நடைப்பயணத்துக்கு முன் பஜனைக் கோயில் திண்ணையில் கூடும்போது இதை ஒருமுறை எடுத்துச் சொன்னால் போதும்.

திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய நிலக்கடலை ரகங்கள் டி.எம்.வி. என்ற எழுத்துகளைத் தாங்கி ஊர் ஊராகப் போயின. அந்த மூன்று எழுத்து திண்டிவனத்தைக் குறிக்கும். எந்த ஊரில் பிறந்த விதை, எந்த ரகம் என்று கேட்டு வாங்கும் பழக்கம் இந்த வட்டார உழவர்களுக்கு அப்படித்தான் படிந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத விதையை அவர்கள் நிலத்தில் போடுவதில்லை. அதே கேள்வியை மதனகாமப்பூப் பொட்டலத்தைப் பார்த்தும் கேட்க வேண்டும்: இது எந்த மலை, எந்தச் செடி, யார் வெட்டியது? பதில் வரவில்லையென்றால் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்தப் பருவத்தின் மகரந்தம் அடுத்த சரிவின் பெண் செடிக்குப் போய்ச் சேரும்.